ஒரே சாப்பாடு, வெவ்வேறு கொலஸ்ட்ரால்: மரபணு சொல்லும் காரணம்

ஒரே வீட்டில், ஒரே சமையலைச் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பி இருவர் ரத்தப் பரிசோதனைக்குச் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டிறைச்சியும் முட்டையும் விரும்பிச் சாப்பிடும் அண்ணனுக்குக் கொலஸ்ட்ரால் அளவு சரியாக இருக்கிறது. சைவத்துக்கு மாறிப் பல ஆண்டுகளாகிவிட்ட, ஒல்லியான தம்பிக்கோ மருந்து தேவைப்படும் அளவுக்குக் கூடியிருக்கிறது.

மருத்துவர்களுக்கு இது புதிய காட்சியன்று. ஆனால் வீட்டில் நடப்பது வேறு. “வாயைக் கட்டினால்தானே!” என்று தம்பிக்கு ஏச்சு விழுகிறது. தம்பிக்கும் தான் எங்கே தவறு செய்தோம் என்று விளங்குவதில்லை. சிலர் இந்தக் குழப்பத்திலேயே “எண்ணெயைக் குறைத்தால் போதும், மருந்து எதற்கு?” என்று மருத்துவரைப் பார்ப்பதையும் நிறுத்திவிடுகின்றனர்.

கொலஸ்ட்ரால் பிரச்சினை இங்கு பரவலான ஒன்று. சிங்கப்பூரின் தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வின்படி, 2021-2022 காலகட்டத்தில் 31.9 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொழுப்புப் பிரச்சினை இருந்தது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று கண்டறிந்தது.

இவர்கள் எல்லாருக்கும் காரணம் ஒன்றே இல்லை. சாப்பாடு, உடல் எடை, வயது, நீரிழிவு, தைராய்டு குறைபாடு, சில மருந்துகள் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றுடன் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்களும் சேர்ந்துகொள்கின்றன. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் அளவில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு வேறுபாடுகளே காரணம் என்று இரட்டையர்களிடமும் குடும்பங்களிடமும் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன.

சைவ உணவு உண்பவருக்குக் கொலஸ்ட்ரால் எப்படி வருகிறது?

கொலஸ்ட்ரால் மெழுகு போன்ற ஒரு பொருள். உயிரணுக்களின் சவ்வுக்கும், ஹார்மோன்கள், வைட்டமின் டி, பித்த அமிலம் ஆகியவற்றைத் தயாரிப்பதற்கும் உடலுக்கு அது தேவை. அதனால் சாப்பாட்டை மட்டும் நம்பியிராமல் உடலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. அதில் முக்கியப் பங்கு கல்லீரலுடையது.

சிறுகுடலுக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு வழிகளில் கொலஸ்ட்ரால் வந்து சேர்கிறது. முட்டை, இறைச்சி, இறால் போன்ற உணவுகளிலிருந்து வருவது சுமார் 300 மில்லிகிராம். கல்லீரல் பித்தநீருடன் சேர்த்து அனுப்புவதோ சுமார் 1,000 மில்லிகிராம். அதாவது, அசைவத்தைத் தொடாதவரின் குடலிலும் தினமும் ஒரு கிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது.

அந்த மொத்தத்தில் எவ்வளவு திரும்பவும் உடலுக்குள் போகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு தொடங்குகிறது. ஆரோக்கியமான 94 பேரிடம் நடத்தி 1999ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 56 விழுக்காடு கொலஸ்ட்ரால் குடலில் உறிஞ்சப்பட்டது. ஆனால் மிகக் குறைவாக உறிஞ்சியவருக்கு அது 29 விழுக்காடாகவும், மிக அதிகமாக உறிஞ்சியவருக்கு 80 விழுக்காடாகவும் இருந்தது. ஒரே உணவு ஒருவர் உடலில் தங்குவதும் இன்னொருவர் உடலிலிருந்து கழிவாக வெளியேறுவதும் இதனால்தான்.

உறிஞ்சுதல் கூடினால் கல்லீரல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். உறிஞ்சுதல் குறைந்தால் கூடுதலாகத் தயாரிக்கும். இந்தச் சமநிலையை உடல் எவ்வளவு நன்றாகப் பேணுகிறது என்பதும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

நாளுக்கு 25 முட்டை

இதற்கு மருத்துவ உலகில் அடிக்கடி சொல்லப்படும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த 88 வயது முதியவர் ஒருவர், பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முட்டைகள் சாப்பிட்டு வந்தார். ஒரு முட்டையில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. கணக்குப் போட்டால் நாளுக்கு 5,000 மில்லிகிராம். இருந்தும் அவருடைய ரத்தக் கொலஸ்ட்ரால் சாதாரண அளவிலேயே இருந்தது.

மருத்துவர் ஃபிரெட் கெர்ன் அவரை ஆராய்ந்து 1991ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ சஞ்சிகையில் எழுதினார். அந்த முதியவரின் குடல் 18 விழுக்காடு கொலஸ்ட்ராலை மட்டுமே உறிஞ்சியது. ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் கூடுதலாக முட்டை சாப்பிட்டபோதும் சராசரியாக 46 விழுக்காட்டை உறிஞ்சினர். அவருடைய கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றும் வேகமும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

முட்டை எல்லாருக்கும் ஒன்றும் செய்யாது என்பதற்கு இது சான்றாகாது. அதே அளவு முட்டை வேறொருவரின் கொலஸ்ட்ராலைக் கணிசமாக உயர்த்திவிடலாம். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் உள்ள மரபணுக்கள் சில, அதற்கு அடுத்து வந்த ஆண்டுகளில்தான் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன.

உள்ளே விடும் கதவு

குடல் சுவரில் கொலஸ்ட்ராலை உள்ளே எடுத்துக்கொள்ளும் புரதத்தின் பெயர் என்பிசி1எல்1. இது கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு சற்று வித்தியாசமானது. எஸெடிமைப் என்ற மருந்து, கொலஸ்ட்ரால் குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது என்று தெரிந்து, 2002ல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் அது எதன்மீது வேலை செய்கிறது என்பது அப்போது தெரியவில்லை. 2004ல்தான் உறிஞ்சுதலுக்கு இந்தப் புரதம் இன்றியமையாதது என்று ஆய்வாளர்கள் அறிந்தனர். எஸெடிமைப் அடைப்பது இந்தக் கதவைத்தான் என்பதும் பிறகு உறுதியானது.

இயற்கையிலேயே இந்தக் கதவு பாதி அடைபட்டுப் பிறப்பவர்களும் இருக்கிறார்கள். என்பிசி1எல்1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று செயலிழந்தவர்கள் ஏறத்தாழ 650 பேரில் ஒருவர் என்று 2014ல் வெளியான பெரிய ஆய்வொன்று கணக்கிட்டது. மற்றவர்களோடு ஒப்பிட, அவர்களுடைய எல்டிஎல் லிட்டருக்குச் சுமார் 0.3 மில்லிமோல் குறைவாக இருந்தது. பார்வைக்குச் சிறிய வேறுபாடுதான். ஆனால் இதய நோய் ஏற்படும் அபாயம் அவர்களுக்கு 53 விழுக்காடு குறைந்திருந்தது.

பிறந்த நாள் முதல் கொலஸ்ட்ரால் சற்றுக் குறைவாக இருந்தால், அந்த நன்மை ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும் என்பதை இது உணர்த்துகிறது. கூடுதலாக இருந்தால் கெடுதலும் அப்படியே சேரும்.

வெளியே தள்ளும் பம்பு

உள்ளே வந்ததில் ஒரு பகுதியைக் குடலுக்கே திருப்பித் தள்ளும் பம்பும் உண்டு. ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இரு மரபணுக்கள் தயாரிக்கும் புரதங்கள் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. கல்லீரலிலிருந்து பித்தநீருக்குக் கொலஸ்ட்ராலை அனுப்புவதும் இவையே.

இந்தப் பம்பு பழுதானால் என்ன ஆகும் என்பது 1974ல் அமெரிக்காவில் இரு சகோதரிகளிடம் முதன்முதலாகத் தெரியவந்தது. அவர்களுடைய தசைநாண்களில் கொழுப்புக் கட்டிகள் இருந்தன. கொலஸ்ட்ரால் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு வரும் கட்டிகள் அவை. ஆனால் அவர்களுடைய ரத்தக் கொலஸ்ட்ரால் அந்த அளவுக்கு உயரவில்லை. அசிம் குமார் பட்டாச்சாரியா, வில்லியம் கானர் ஆகிய ஆய்வாளர்கள் துருவிப் பார்த்தபோது, அவர்களுடைய ரத்தத்தில் தாவரங்களிலிருந்து வரும் ‘ஸ்டெரால்’ என்ற கொழுப்புப் பொருள்கள் குவிந்திருந்தன.

எண்ணெய், கொட்டைகள், பருப்பு, தானியங்கள் எல்லாவற்றிலும் தாவர ஸ்டெரால் இருக்கிறது. அது கொலஸ்ட்ராலைப் போன்ற வடிவம் கொண்டது. சாதாரணமாக அதில் மிகச் சிறிய பகுதிதான் உடலுக்குள் போகும். உள்ளே போனதையும் பம்பு வெளியே தள்ளிவிடும். இந்தச் சகோதரிகளின் உடலால் அதைச் செய்ய முடியவில்லை. இதற்குக் காரணமான மரபணுக்கள் 2000ஆம் ஆண்டுவாக்கில் கண்டறியப்பட்டன.

சிட்டோஸ்டெரோலீமியா எனப்படும் இந்த நோய் அரிதானது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் ஏற்படும். மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில், கணவன் மனைவி இருவரும் ஒரே மரபணு மாற்றத்தைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. எனவே இத்தகைய அரிய நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பும் அங்கு சற்று அதிகம்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான ‘ஸ்டாட்டின்’ மருந்துகள் அவ்வளவாகப் பலன் தருவதில்லை. உறிஞ்சுதலைத் தடுக்கும் எஸெடிமைப் பலன் தருகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று விற்கப்படும் தாவர ஸ்டெரால் சேர்த்த பால், மார்ஜரின் போன்றவை மற்றவர்களுக்கு உதவலாம்; இவர்களுக்கோ கெடுதல் செய்யும். ஒருவருக்கு நல்லதாக இருப்பது எல்லாருக்கும் நல்லதாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

நோயாக மாறாத சிறிய வேறுபாடுகளும் இதே மரபணுக்களில் உண்டு. ஏபிசிஜி8 மரபணுவில் உள்ள ஒரு வேறுபாடு, பம்பைச் சற்று வேகமாக இயங்கச் செய்கிறது. அது உள்ளவர்களுக்குக் குடலில் உறிஞ்சுதல் குறைவு. ஆனால் பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடுவதால் பித்தப்பையில் கல் உண்டாகும் அபாயம் அதிகம் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2007ல் கண்டறிந்தனர்.

கல்லீரல் பிடிக்கத் தவறினால்

ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் கொலஸ்ட்ராலைப் பிடித்து அகற்றும் வேலையும் கல்லீரலுடையதே. அதன் உயிரணுக்களின் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகள் உள்ளன. அமெரிக்காவின் டாலஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவரும் 1970களில் இவற்றைக் கண்டறிந்து 1985ல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர்.

இந்த ஏற்பிகளைத் தயாரிக்கும் மரபணுவில் பழுது இருந்தால், எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடும். இதுதான் குடும்ப வழி உயர் கொலஸ்ட்ரால் நோய். உலக அளவில் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 விழுக்காடு வாய்ப்புண்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். அது மிக அரிது.

வலியோ காய்ச்சலோ இல்லாததால் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இந்நோய் இருப்பதே தெரிவதில்லை. சிகிச்சை பெறாவிட்டால், ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு 60 வயதுக்குள்ளும் இதய நோய் வருகிறது. “நன்றாகத்தான் இருந்தார், 42 வயதில் திடீரென்று போய்விட்டார்” என்று சில குடும்பங்களில் சொல்லக் கேட்கும் மரணங்களுக்குப் பின்னால் இது இருந்திருக்கலாம்.

குறைவாகப் பிறந்தவர்கள் தந்த மருந்து

மரபணு வேறுபாடு சிலருக்கு நன்மையாகவும் அமைகிறது. பிசிஎஸ்கே9 என்ற புரதம், கல்லீரலின் எல்டிஎல் ஏற்பிகளை அழிக்கும் வேலையைச் செய்கிறது. அது அளவுக்கு மீறி இயங்கினால் கொலஸ்ட்ரால் உயரும் என்று 2003ல் பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் கண்டனர். அப்படியானால் அது இயங்காவிட்டால்?

டாலஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர் அதைத் தேடினர். 2006ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கறுப்பின அமெரிக்கர்களில் 2.6 விழுக்காட்டினரிடம் இந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்கள் இருந்தன. அவர்களுடைய எல்டிஎல் 28 விழுக்காடும், இதய நோய் அபாயம் 88 விழுக்காடும் குறைந்திருந்தன.

அந்த மனிதர்களின் உடலில் இயற்கை செய்ததை ஊசிமருந்தால் செய்யலாம் என்ற எண்ணத்திலிருந்து அலிரோகுமாப், எவோலோகுமாப் ஆகிய மருந்துகள் பிறந்து, 2015ல் அனுமதி பெற்றன. மாத்திரைகளால் போதிய அளவு கொலஸ்ட்ரால் குறையாதவர்களுக்கு இவை இன்று கொடுக்கப்படுகின்றன.

சிறுதுளிகளும் சேரும்

கொலஸ்ட்ரால் அதிகமுள்ள பெரும்பாலோரிடம் இப்படி ஒரே ஒரு பெரிய பழுது இருப்பதில்லை. சிறு சிறு மரபணு வேறுபாடுகள் பல, ஒவ்வொன்றும் அளவைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ விடுகின்றன. 2021ல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, ஏறத்தாழ 16.5 லட்சம் பேரின் மரபணுத் தகவலை ஆராய்ந்தது. ரத்தக் கொழுப்போடு தொடர்புடைய 900க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் அதில் அடையாளம் காணப்பட்டன.

அவற்றுள் நன்கு அறியப்பட்டது ஏபிஓஇ மரபணு. இதில் 2, 3, 4 என மூன்று வகைகள் உண்டு. 3ஆம் வகையே அதிகம். 4ஆம் வகை உள்ளவர்களுக்கு எல்டிஎல் சற்றுக் கூடுதலாகவும், 2ஆம் வகை உள்ளவர்களுக்குச் சற்றுக் குறைவாகவும் இருப்பது வழக்கம். 4ஆம் வகை உள்ளவர்கள் குடலில் கொலஸ்ட்ராலை அதிகம் உறிஞ்சுவதாகவும் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. இப்படிப்பட்ட வேறுபாடுகள் தாய்வழியில் சில, தந்தைவழியில் சில என்று ஒரே பிள்ளையிடம் சேர்ந்துவிட்டால், அண்ணனுக்கு இல்லாத கொலஸ்ட்ரால் தம்பிக்கு வந்துவிடும்.

அப்படியானால் சாப்பாட்டைப் பார்க்க வேண்டாமா?

பார்க்கத்தான் வேண்டும். மரபணு தொடக்கப் புள்ளியை நிர்ணயிக்கிறது. அங்கிருந்து மேலே போவதும் கீழே வருவதும் பெரிதும் வாழ்க்கைமுறையைப் பொறுத்தது. 55,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2016ல் வெளியான ஆய்வொன்றில், இதய நோய்க்கான மரபணு அபாயம் அதிகம் உள்ளவர்களிலும், புகைபிடிக்காமல், உடற்பயிற்சி செய்து, உணவிலும் எடையிலும் கவனமாக இருந்தவர்களுக்கு, அப்படி இல்லாதவர்களைவிட 46 விழுக்காடு குறைவான அபாயமே இருந்தது.

இதில் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. கொலஸ்ட்ரால் விலங்கு உணவில் மட்டுமே கணிசமாக உள்ளது என்பதால் சைவ உணவு முழுவதும் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் பெரும்பாலோருக்கு, உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பே எல்டிஎல் அளவை அதிகம் உயர்த்துகிறது. கல்லீரலின் ஏற்பிகளை அது மந்தமாக்கிவிடுகிறது. நெய், வெண்ணெய், தேங்காய்ப்பால், தேங்காய் எண்ணெய், செம்பனை எண்ணெய் ஆகியவற்றில் அது நிறைய உள்ளது. பொரோட்டா, நாசி லெமாக், நெய்யில் செய்த பலகாரங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஓட்ஸ், பார்லி, பருப்பு, காய்கறிகளில் உள்ள கரையும் நார்ச்சத்து, பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்ற உதவுகிறது.

இருந்தும் குடும்ப வழி உயர் கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. அவர்கள் எவ்வளவு வாயைக் கட்டினாலும் மருந்து தேவைப்படும். அது அவர்களுடைய மன உறுதியின் குறைபாடன்று.

மருந்திலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். கொலஸ்ட்ராலைக் கல்லீரல் தயாரிப்பதைத் தடுப்பதே ஸ்டாட்டின்களின் வேலை. அதனால் உடலே அதிகம் தயாரிப்பவர்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். குடலில் அதிகம் உறிஞ்சுபவர்களுக்குப் பலன் சற்றுக் குறையலாம். அவர்களுக்கு ஸ்டாட்டினோடு எஸெடிமைப் சேர்த்துக் கொடுப்பது பலன் தரக்கூடும். யாருக்கு எது பொருந்தும் என்பதை மருந்து தொடங்கிய சில வாரங்களில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். எனவே மருந்தைத் தொடங்கிய பிறகு மறுபரிசோதனைக்குச் செல்வது முக்கியம்.

மருந்தின் அளவிலும் வேறுபாடு உண்டு. சிங்கப்பூரில் வசிக்கும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் ஆகியோரைக் கொண்டு நடத்தி 2005ல் வெளியான ஆய்வில், ஒரே அளவு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்தபோது, ஆசியர்களின் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடுதலாக இருந்தது. வெள்ளையர்களோடு ஒப்பிட, சீனர்களுக்கு 2.3 மடங்கு, மலாய்க்காரர்களுக்கு 1.9 மடங்கு, இந்தியர்களுக்கு 1.6 மடங்கு. ஆசியர்களுக்கு இந்த மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கும்படி அறிவுறுத்தப்படுவது இதனால்தான். வெளிநாட்டில் உள்ள நண்பருக்குக் கொடுத்த அளவைக் கேட்டு அதையே உட்கொள்வதும், பக்கத்து வீட்டாருக்குத் தசைவலி வந்தது என்று கேட்டு மருந்தை நிறுத்துவதும் சரியல்ல.

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள், ஸ்டாட்டின் எடுப்பது குறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

பெரியவர் ஒருவரின் எல்டிஎல் அளவு லிட்டருக்கு 4.9 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால், மரபுவழிக் காரணம் இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் எண்ணிப்பார்க்கின்றனர். நெருங்கிய ரத்த உறவில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ, பெண்களுக்கு 60 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருப்பது இன்னோர் அறிகுறி. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பது, கண் இமைகளில் மஞ்சள் நிறத் திட்டுகள், 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெண்ணிற வளையம் ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் நோய் இருக்கலாம்.

சிங்கப்பூரில் 40 வயதைக் கடந்து ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் பதிந்துகொண்டவர்கள், தங்கள் குடும்ப மருத்துவரிடம் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளை இலவசமாகச் செய்துகொள்ளலாம். குடும்ப வழி உயர் கொலஸ்ட்ராலுக்கான தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டத்தையும் சுகாதார அமைச்சு 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கியது. எல்டிஎல் மிக அதிகமாக உள்ளவர்களை மருத்துவர்கள் அதற்குப் பரிந்துரைக்கின்றனர். ஒருவருக்கு மரபணு மாற்றம் உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். தகுதிபெறும் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு.

காப்புறுதி கிடைக்காமல் போய்விடுமோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி விண்ணப்பதாரர்களைக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற உடன்பாடு, சுகாதார அமைச்சுக்கும் ஆயுள் காப்புறுதிச் சங்கத்துக்கும் இடையே 2021 முதல் நடப்பில் உள்ளது.

மலேசியாவில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ளலாம். பி40 பிரிவைச் சேர்ந்த, 40 வயதைக் கடந்தவர்கள் ‘பெக்கா பி40’ திட்டத்தின்கீழ் இலவசச் சுகாதாரப் பரிசோதனை பெறலாம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி

பெற்றோருக்கு மிகவும் தயக்கம் தருவது பிள்ளைகளின் பரிசோதனை. “இந்த வயதிலேயே மருந்தா?” என்ற கேள்வி இயல்பானது. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு அதற்குப் பதில் தருகிறது. குடும்ப வழி உயர் கொலஸ்ட்ரால் இருந்த 214 பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே ஸ்டாட்டின் தொடங்கி, 20 ஆண்டுகள் அவர்கள் கண்காணிக்கப்பட்டனர். 2019ல் முடிவுகள் வெளிவந்தன. 39 வயதுக்குள் அவர்களில் 1 விழுக்காட்டினருக்கே இதய, ரத்தநாளப் பாதிப்பு ஏற்பட்டது. ஸ்டாட்டின் அவ்வளவு முன்கூட்டியே கிடைக்காத தலைமுறையைச் சேர்ந்த, அதே நோயுள்ள அவர்களுடைய பெற்றோரில் அந்த வயதுக்குள் 26 விழுக்காட்டினருக்குப் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. பெற்றோரில் 7 விழுக்காட்டினர் 40 வயதுக்கு முன்பே அதனால் இறந்திருந்தனர். பிள்ளைகளில் ஒருவர்கூட அவ்வாறு இறக்கவில்லை.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இருந்தது ஒரே மரபணுப் பழுது. முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிகிச்சை தொடங்கியதுதான் வேறுபாடு.

குடும்பத்தில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் மிக அதிகம் என்று தெரிந்தால், அதை மறைக்கவோ அவரைக் குறைசொல்லவோ தேவையில்லை. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா வீடுகளுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். தாத்தா எந்த வயதில், எதனால் இறந்தார் என்று பாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. அடுத்த முறை மருத்துவர் “குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா?” என்று கேட்கும்போது சொல்வதற்குச் சரியான பதில் கையில் இருக்கும்.